கைப்பேசி ஆடம்பரமல்ல

திறன்பேசிகளின் விலை எதிர்பார்த்ததைவிட உயர்ந்துள்ள நிலையில், அவற்றின் மீதான 18 விழுக்காடு சரக்கு-சேவை வரியைக் (ஜிஎஸ்டி) குறைப்பதே முறை. தரவுகளைத் தேக்கிவைக்கும் நினைவகச் சில்லுகளைச் செயற்கை நுண்ணறிவு மையங்கள் வாரிக்கொள்வதால் நேர்ந்த தட்டுப்பாடு அரசின் கையில் இல்லை. ஆனால் 2020 ஏப்ரலில் 12-லிருந்து 18 ஆக உயர்த்தப்பட்ட கைப்பேசி வரி, 2025 செப்டம்பரில் ஏ.சி.க்கும் பெரிய தொலைக்காட்சிக்கும் வரி 28-லிருந்து 18 ஆகக் குறைக்கப்பட்டபோதும் அசையவில்லை. தாம்பரம் கடையொன்றில் வரிக்கு முன் 15,000 ரூபாயாகும் கருவி, ரசீதில் 17,700 ஆகிறது. தவணையில் வாங்குவோர் வங்கியின் செயலாக்கக் கட்டணத்துக்கும் அதே வரியைச் செலுத்துகின்றனர். காய்கறிக் கடையின் பணப்பரிவர்த்தனை முதல் மின்தொடர்வண்டிப் பயணச்சீட்டு வரை கைப்பேசிக்குள் வந்துவிட்டபின், குறைந்த விலைக் கருவிகளையேனும் ஜிஎஸ்டி கவுன்சில் 5 விழுக்காட்டு அடுக்குக்கு மாற்ற வேண்டும். அதுவரை வாங்குவோர் கேமராக்களை எண்ணுவதைவிட, பாதுகாப்பு மென்பொருள் எத்தனை ஆண்டுகளுக்குக் கிடைக்கும் என்று கடைக்காரரிடம் கேட்பது நல்லது.