உருட்டு மன்னர்களோடு நாலு வருஷம்

"மச்சி, தொண்ணூறு பர்சன்ட் முடிஞ்சிடுச்சு டா. அவுட்புட் மட்டும்தான் வரணும்."

நாலு வருஷ இன்ஜினியரிங்ல இந்த வசனத்தைக் கேட்காம தப்பிச்சவர் யாராவது இருந்தா சொல்லுங்க, மேடையேத்திப் பொன்னாடை போர்த்திடலாம். உருட்டு, ரீல், பீலா, கப்சா, உடான்ஸ், வடை... பொய்க்கு நாம வச்சிருக்கிற பேரை எண்ணவே ஒரு பீரியட் பத்தாது. இத்தனை செல்லப் பேர் இருக்கிறதே, அதை நாம எவ்வளவு ஜாலியா எடுத்துக்கறோம்னு காட்டுது. "அவன் அப்படித்தான் டா, உருட்டுவான்" என்று சிரித்துவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கிறோம்.

ஃபைனல் இயர்ல அந்தச் சிரிப்பு அவ்வளவு சுலபமா வராது. ப்ராஜெக்ட் நாலு பேர் பேர்ல போகுது, ஒருத்தர் உருட்டினா நாலு பேருக்கும் மார்க் போகுது. ஹாஸ்டல்ல கடன் கொடுத்தவர் தன் மெஸ் பில்லைக் கட்ட முடியாமல் நிற்கிறார். அதனால, பழக்கமாகவே பொய் சொல்கிறவர்களை எப்படி அடையாளம் காண்பது, கண்ட பிறகு என்ன செய்வது என்று கொஞ்சம் சீரியஸாகப் பேசலாம். என் கருத்தை முதல்லயே சொல்லிடறேன்: ஆளின் முகத்தைப் படிக்கிற முயற்சியை விடுங்க, அவர் சொன்ன விஷயத்தைச் சரிபாருங்க.

"எல்லாரும்தான் பொய் சொல்றாங்க"

உருட்டு மன்னர்களின் முதல் கேடயம் இந்த வாக்கியம். பாதி உண்மைதான். 1996-இல் வெளியான ஒரு அமெரிக்க ஆய்வில் கல்லூரி மாணவர்களை ஒரு வாரம் டைரி எழுதச் சொன்னார்கள். சராசரியாக ஒரு நாளைக்கு இரண்டு பொய் வந்தது. "சாப்பிட்டியா கண்ணு?" என்று அம்மா போனில் கேட்க, மெஸ் பக்கமே போகாமல் "சாப்பிட்டேம்மா" என்று சொல்கிறோமே, அதெல்லாம் இந்தக் கணக்கில் சேரும்.

ஆனால் சராசரி நம்மை ஏமாற்றும் என்று ஸ்டாட்டிஸ்டிக்ஸ் பேப்பர்ல படிச்சிருப்பீங்க. 2010-இல் வந்த இன்னொரு ஆய்வில், 1,000 அமெரிக்கர்களிடம் கடந்த 24 மணி நேரத்தில் எத்தனை பொய் சொன்னீர்கள் என்று கேட்டார்கள். சுமார் 60 சதவீதம் பேர் ஒன்றுகூடச் சொல்லவில்லை என்றார்கள். வந்த பொய்களில் பாதியைச் சொன்னது வெறும் 5 சதவீதம் பேர்! அறுபது பேர் உள்ள ஒரு கிளாஸுக்கு அது மூணு பேர் கணக்கு. அந்த மூணு பேரை வைத்து மீதி ஐம்பத்தேழு பேரையும் சந்தேகப்படுவது தப்பு. "எல்லாரும்தானே" என்று அந்த மூணு பேரை விட்டுவிடுவதும் தப்பு.

கண்ணைப் பார்த்தா தெரிஞ்சிடுமா?

தெரியாது. "என் கண்ணைப் பார்த்துச் சொல்லு" என்பது சினிமா வசனம், அவ்வளவுதான். பொய் சொல்கிறவர் கண்ணைப் பார்க்க மாட்டார் என்ற நம்பிக்கை உலகம் முழுக்க இருக்கு, ஐம்பதுக்கும் மேற்பட்ட நாடுகளில் மக்களைக் கேட்டபோது அதிகம் வந்த பதிலே இதுதான். ஆனால் 2006-இல் இருநூறுக்கும் மேற்பட்ட ஆய்வறிக்கைகளைச் சேர்த்துப் பார்த்தபோது, பேச்சை வைத்துப் பொய்யா மெய்யா என்று மனிதர்கள் சரியாகச் சொன்னது 54 சதவீதம்தான். டாஸ் போட்டாலே 50 வரும். நம்ம "எனக்கு ஆளைப் பார்த்தாலே தெரியும் டா" திறமையின் மொத்த மதிப்பு நாலு மார்க்.

மெஷின் வச்சா? 2010-இல் செல்வி வழக்கில் உச்ச நீதிமன்றம், உண்மை கண்டறியும் சோதனைகளை ஒருவருடைய சம்மதம் இல்லாமல் நடத்தக் கூடாது என்று சொல்லிவிட்டது. போலீஸுக்கே இந்த நிலைமை. நீங்க ஹாஸ்டல் ரூம்ல உட்கார்ந்து மூக்கைச் சொறிஞ்சானா, வியர்த்ததான்னு பார்த்து என்ன கண்டுபிடிக்கப் போறீங்க? இதில் இன்னொரு ஆபத்தும் இருக்கு. வைவாவில் பயத்தில் திக்குகிற நேர்மையான பையன் பொய்யன் மாதிரித் தெரிவான். கூச்சமே இல்லாமல் உருட்டுகிறவர் அரிச்சந்திரன் பேரன் மாதிரித் தெரிவார்.

ஏமாந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. நீங்க முட்டாள் இல்லை. அடுத்தவர் சொல்வதை முதலில் நம்புவதுதான் மனித இயல்பு. நம்பாவிட்டால் பஸ் எந்தப் பக்கம் போகும்னு ஒருத்தர்கிட்ட கேட்கக்கூட முடியாது.

அப்போ எதைப் பார்க்கணும்?

முகத்தை விட்டுவிட்டு, ஒரு மாத காலத்தில் அவர் சொன்னவற்றை வரிசையாக வைத்துப் பாருங்கள். சில விஷயங்கள் திரும்பத் திரும்ப வரும்.

ஒன்று, வேலை எப்போதும் முடிந்திருக்கும், காட்ட மட்டும் முடியாது. லேப்டாப் சர்வீஸ்ல இருக்கும், பென்டிரைவ் கரப்ட் ஆகியிருக்கும், கோடு அண்ணன் சிஸ்டம்ல இருக்கும். ஒரு தடவை என்றால் கெட்ட நேரம். மூணு ரிவியூவுக்கும் அதே கெட்ட நேரம் வராது.

இரண்டு, ஆளுக்கு ஒரு கதை. எங்க ஹாஸ்டல் ஃப்ளோர்ல ஒருத்தர் ஆறு பேரிடம் பணம் வாங்கியிருந்தார். ஒருத்தரிடம் அப்பாவுக்கு ஆஸ்பத்திரிச் செலவு, ஒருத்தரிடம் தங்கச்சி ஃபீஸ், இன்னொருத்தரிடம் போன் தொலைஞ்சு போச்சு. ஒவ்வொருத்தரிடமும் "உன்கிட்ட மட்டும்தான் சொல்றேன், யார்கிட்டயும் சொல்லிடாத" என்று வேறு சொல்லியிருந்தார். ஒரு ராத்திரி மெஸ்ல பேச்சுவாக்கில் ரெண்டு பேர் கதையை ஒப்பிட்டார்கள், பத்தே நிமிஷத்தில் ஆறு பேரும் ஒரே மேஜையில். அந்த "உன்கிட்ட மட்டும்தான்" என்ற பூட்டை வைத்துத்தான் மூணு மாசம் ஓட்டியிருக்கிறார்.

மூன்று, கேள்வி கேட்டால் பதில் வராது, கோபம் வரும். "என் மேல நம்பிக்கை இல்லையா?", "நட்புல கணக்குப் பார்ப்பியா?" கேட்டவர்தான் கடைசியில் சாரி சொல்லிவிட்டு வருவார். வேலையை உண்மையிலேயே முடித்தவருக்குக் கோபப்படத் தேவையே இல்லை. ஸ்க்ரீனைத் திருப்பிக் காட்டினால் போதும்.

நான்கு, தேவையே இல்லாத இடத்திலும் பொய். காலையில என்ன டிபன்னு கேட்டதுக்குக்கூட ஒரு கதை. பயத்தில் ஒரு பொய் சொல்கிறவரையும் பழக்கத்தில் சொல்கிறவரையும் பிரித்துக் காட்டுவது இதுதான்.

சின்ன உருட்டு, பெரிய உருட்டு

"இதெல்லாம் காலேஜ் வரைக்கும்தான், வேலைக்குப் போனா சரியாகிடுவாங்க" என்று ஒரு நண்பர் சொன்னார். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். நம்ம துறையிலேயே உதாரணம் இருக்கு. 2009 ஜனவரி 7 அன்று சத்யம் கம்ப்யூட்டர்ஸ் தலைவர் ராமலிங்க ராஜு தன் இயக்குநர் குழுவுக்கு ஒரு கடிதம் எழுதினார். கணக்குப் புத்தகத்தில் காட்டியிருந்த 5,361 கோடி ரூபாய் ரொக்கத்தில் 5,040 கோடி இல்லவே இல்லை! முதலில் சின்ன இடைவெளியாகத்தான் ஆரம்பித்தது, வருஷா வருஷம் வளர்ந்துவிட்டது என்று அவரே எழுதியிருந்தார். புலி வாலைப் பிடித்த கதை, விடவும் முடியாது, பிடிக்கவும் முடியாது. 2015-இல் அவருக்கும் இன்னும் ஒன்பது பேருக்கும் ஹைதராபாத் சிறப்பு நீதிமன்றம் ஏழு வருஷம் சிறைத் தண்டனை விதித்தது.

இது பணத்துக்கு மட்டும் நடப்பதல்ல, மூளையிலும் நடக்கிறது. 2016-இல் லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் ஆய்வாளர்கள், தன் லாபத்துக்காகத் திரும்பத் திரும்பப் பொய் சொல்கிறவர்களின் மூளையை ஸ்கேன் செய்து பார்த்தார்கள். உணர்ச்சியோடு தொடர்புடைய அமிக்டலா என்ற பகுதியில் முதலில் இருந்த துடிப்பு போகப் போகக் குறைந்தது. அது குறையக் குறையப் பொய்யின் அளவு பெருசானது. மிளகாய் தின்று தின்று நாக்கு மரத்துப்போகிற மாதிரிதான்.

சத்யம் கதையில் நமக்கு உதவுகிற பாடம் வேற ஒன்று. அத்தனை ஆடிட்டர்கள் இருந்தும் எப்படித் தெரியாமல் போச்சு? பேங்க்ல எவ்வளவு பணம் இருக்குன்னு உறுதிப்படுத்தும் கடிதங்களை ஆடிட்டர்கள் தாங்களே பேங்க்குக்கு அனுப்பித் தாங்களே வாங்கியிருக்க வேண்டும். அந்த வேலையை சத்யம் நிர்வாகத்தின் கையிலேயே விட்டுவிட்டார்கள் என்று அமெரிக்கப் பங்குச் சந்தை ஒழுங்குமுறை ஆணையம் 2011-இல் கண்டறிந்தது. அதாவது, சந்தேகத்துக்குரியவரிடமே "சரியா இருக்கா?" என்று கேட்டு, அவர் தலையாட்டியதும் டிக் அடித்திருக்கிறார்கள். நம்ம டீம்லயும் "முடிஞ்சிடுச்சா?" என்று க்ரூப்ல கேட்டு, கட்டைவிரல் எமோஜி வந்ததும் நிம்மதியா தூங்கப் போறோமே, அதுவும் இதே ஆடிட்தான்.

என்ன செய்யலாம்?

வாக்குறுதியைக் கேட்காதீங்க, வேலையைக் கேளுங்க. "எப்போ முடியும்?" என்று கேட்டால் தேதிதான் கிடைக்கும். "இதுவரைக்கும் பண்ணினதை ஓட்டிக் காட்டு" என்று கேட்டால் நிலைமை தெரியும். கோடு என்றால் எல்லாரும் பார்க்கிற ஒரே இடத்தில் தினமும் ஏற்றச் சொல்லுங்கள். மெக்கானிக்கல் ஆளுங்களுக்கு: பார்ட் மெஷினிங் முடிஞ்சிருச்சுன்னா போட்டோ வேண்டாம், பார்ட்டையே மேஜை மேல வைக்கச் சொல்லுங்க.

பேசியதை எழுதி வையுங்கள். "இன்னிக்குப் பேசினபடி சென்சார் பகுதி உன்னுடையது, வெள்ளிக்கிழமை காட்டணும்" என்று ஒரு வரி க்ரூப்ல போட்டால் போதும். "நான் எப்போ அப்படிச் சொன்னேன்?" என்ற கேள்வி அதோட முடிஞ்சது.

மொத்த பாரமும் தாங்குகிற தூணாக அவரை வைக்காதீங்க. அவர் பகுதி வராவிட்டாலும் ப்ராஜெக்ட் நிற்கிற மாதிரி வேலையைப் பிரியுங்கள். பணமும் அப்படித்தான்: திரும்பி வராவிட்டால் அழ மாட்டேன் என்கிற தொகையை மட்டும் கொடுங்கள்.

தனியாகக் கூப்பிட்டுப் பேசுங்கள். பத்துப் பேர் நடுவில் மாட்டிவிட்டால் நமக்குத் திருப்திதான், ஆனால் அவர் மானத்தைக் காப்பாற்ற இன்னும் மூணு பொய் சொல்வார். "நீ எப்பவுமே பொய்தான் சொல்வே" என்றும் ஆரம்பிக்காதீங்க. ஒரு சம்பவம், ஒரு தேதி, அவ்வளவுதான். அதற்குப் பிறகும் மாறவில்லை என்றால் கைடுகிட்ட சொல்லுங்க. முதல் ரிவியூ முடிந்ததுமே சொன்னால் அது தகவல், கடைசி ரிவியூவுக்கு முந்தின ராத்திரி சொன்னால் அது புலம்பல்.

கடைசியா, அவர் பொய்க்கு நீங்க சாட்சி சொல்லாதீங்க. "சார் கேட்டா நான் லேப்ல இருக்கேன்னு சொல்லிடு டா" என்பதில்தான் பல ராஜ்ஜியங்கள் நிற்கின்றன.

இன்னொரு பக்கமும் இருக்கு

இவ்வளவு சொன்ன பிறகு நம்மைப் பற்றியும் கேட்க வேண்டும். மூணாவது வாரமே "எனக்கு இது புரியல, ஒண்ணும் பண்ணல" என்று உண்மை சொன்ன டீம்மேட்டை நாம எப்படி நடத்தினோம்? வறுத்தெடுத்து மீம் போட்டிருந்தால், அடுத்த முறை அவர் வாயிலிருந்து தொண்ணூறு பர்சன்ட்தான் வரும். அரியர் என்று சொன்னால் வீட்டில் அடி விழும் என்பவர் "ஆல் பாஸ்ப்பா" என்றுதான் சொல்வார். பொய்யைத் தட்டிக் கேட்பவர்கள், உண்மை சொல்வதற்கு ஒரு கதவையும் திறந்து வைக்கணும். கடன் கதைகளுக்குப் பின்னாடி சில நேரம் ரம்மி ஆப் இருக்கும், சில நேரம் யாரிடமும் சொல்ல முடியாத மனக்கஷ்டம் இருக்கும். அப்படித் தெரிந்தால் டெலி மானஸ் உதவி எண் 14416-ஐச் சொல்லுங்கள், கூடவும் நில்லுங்கள். அதற்காகப் பணத்தை மட்டும் மறுபடி மறுபடி கொடுக்காதீங்க.

"வள்ளுவரே பொய் சொல்லலாம்னு சொல்லியிருக்காரு" என்று சிலர் சட்டம் பேசுவார்கள். வாய்மை அதிகாரத்தில் அவர் அனுமதிப்பது, குற்றமே இல்லாத நன்மையைத் தருகிற பொய்யை மட்டும். உங்க அட்டெண்டன்ஸ் எழுபத்தைந்தைத் தொடுவது அந்த வகையில் வராது தலைவா.

பொய்யால் யாருக்கு நஷ்டம் என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். லீவு வேண்டுமென்றால் பாட்டியைக் கொல்வது நம்ம வழக்கம். சிலருக்கு எட்டு செமஸ்டர்ல எட்டுப் பாட்டி. போன வருஷம் எங்க கிளாஸ்ல ஒரு பொண்ணுக்கு உண்மையிலேயே பாட்டி இறந்துட்டாங்க, அவளை வளர்த்ததே அந்தப் பாட்டிதான். லீவு லெட்டரோடு போனவளிடம், "ப்ரூஃப் இருக்கா? போட்டோ காட்டும்மா" என்று கேட்டார்கள். கண்ணாடிப் பெட்டியில் பாட்டி படுத்திருக்கும் போட்டோவை அவள் போனில் தேடி எடுத்துக் காட்டினாள். கேட்டவரைக் குறை சொல்ல முடியுமா? அவர் அதற்கு முன்னாடி எத்தனை பாட்டிக் கதைகளைக் கேட்டிருப்பார். உருட்டு மன்னர்கள் தங்கள் பொய்க்கு விலை கொடுப்பதே இல்லை. அந்த பில் இப்படி உண்மை சொல்கிறவர்கள் தலையில் வந்து விழுகிறது.

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். நாம கேள்வியே கேட்காவிட்டால் அது எட்டு செமஸ்டரும் ஓடும். அடுத்த ரிவியூவுக்கு முன்னாடி உங்க டீம்ல ஒரு சின்னப் பழக்கத்தை ஆரம்பிங்க. வாரத்துக்கு ஒரு நாள், அரை மணி நேரம், எல்லாரும் அவங்கவங்க வேலையைத் திறந்து காட்டணும். யாரையும் தனியாகச் சந்தேகப்பட வேண்டாம். முதல்ல நீங்க காட்டுங்க.