ஓட்டிப் பார்க்காத ஒரு கோடி



போன சனிக்கிழமை குடும்பத்தோடு ஒரு வாகன சேலுக்குப் போனோம். நாங்கள் என்றால் டீச்சர்மார் இரண்டு பேர், ஒன்பது வயது மகள், மூன்று வயது மகன், முழங்கால் வருத்தத்தோடு மாமி. பார்க்கப் போனது ஒரு சின்ன எஸ்யூவி. விலை ஒரு கோடியைத் தாண்டுகிறது. இருக்கிற பழைய காரையும் ஒரு காணித் துண்டையும் விற்று, மிச்சத்துக்கு இஜாரா போடுவதாக யோசனை. எங்கள் சம்பளத்துக்கு இப்படியொரு வாகனம் வாழ்க்கையில் ஒரு தரம்தான்.

"ஓட்டிப் பார்க்கலாமா?" என்று கேட்டோம். சேலில் நின்ற தம்பி சிரித்துவிட்டார்.

"நானா, இது இன்னும் ரெஜிஸ்டர் பண்ணாத வாகனம். ரோட்டுக்கு எடுக்க ஏலாது. வேணும்டா ஸ்டார்ட் பண்ணிப் பாருங்க."

கெஞ்சிக் கேட்ட பிறகு முற்றத்துக்குள்ளேயே முன்னால் இருபது அடி, பின்னால் இருபது அடி. அதுவும் வீட்டுக்காரருக்கு மட்டும். "தாத்தா பின்னால ஏறிப் பாருங்க, இடம் நல்லா ஈக்கி" என்றார். தினமும் அதை ஸ்கூலுக்கு ஓட்டிப் போகப் போவது தாத்தாதான் என்பது அந்தத் தம்பிக்குத் தோன்றவேயில்லை. நாங்களும் சொல்லவில்லை. அது எங்கள் பிழை.

பதிவில்லாத வாகனத்தை ரோட்டுக்கு எடுக்கக் கூடாது என்பது சரியான சட்டம்தான். நாங்கள் அதை மீறச் சொல்லவில்லை. ஆனால் கராஜ் இலக்கத் தகடு என்று ஒன்று எதற்கு இருக்கிறது? ஒரே மாடலில் பத்து வாகனம் இறக்குகிற சேல், அதில் ஒன்றைப் பதிந்து ஓட்டிக் காட்ட வைத்திருக்க முடியாதா? முடியும். செய்யாததற்குக் காரணம், கேட்கிற ஆள் இல்லை. பத்தாயிரம் ரூபா போனை வாங்கும்போது கடையிலேயே சிம் போட்டு வீட்டுக்குக் கோல் எடுத்துப் பார்க்கிற சனம், ஒரு கோடி சாமானுக்கு முற்றத்தில் இருபது அடி ஓட்டிவிட்டு அட்வான்ஸ் கட்டுகிறது.

2020 மார்ச்சில் இறக்குமதியை நிறுத்தினார்கள். தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திறந்தார்கள். ஐந்து வருடப் பசி. எஞ்சின் அளவுக்கு ஏற்ற உற்பத்தி வரி, 18 சதவீத வற் என்று விலையில் பெரிய பங்கு வரியாகவே போகிறது. அப்படியிருந்தும், "இன்றைக்கு எடுக்காவிட்டால் நாளைக்கு வேறு பார்ட்டி" என்ற ஒரு வசனத்துக்கு நாங்கள் எல்லாரும் மடிந்து விடுகிறோம். கேட்பதெல்லாம் மூன்றே கேள்வி: ஒக்ஷன் ஷீட்டில் கிரேட் எத்தனை, கலர் என்ன, விற்கப் போனால் மார்க்கட் இருக்கா. வாங்க முன்னாலேயே விற்கிற கதை! பிள்ளை எங்கே இருக்கும் என்று கேட்பவரைக் காணோம்.

"ஜப்பான் வாகனம், பார்க்கத் தேவையில்லை" என்று சொல்பவர்களுக்கு ஒரு செய்தி. 2023 மே மாதத்தில் டைஹட்சு நிறுவனம் தனது ரொக்கி, அதன் இரட்டையான டொயோட்டா ரைஸ் ஆகியவற்றின் ஹைபிரிட் வகைகளை விநியோகிப்பதை நிறுத்தியது. பக்கவாட்டில் கம்பத்தில் மோதும் பரிசோதனையில், ஒரு பக்கத்தின் தரவையே மற்றப் பக்கத்துக்கும் கொடுத்திருந்தார்கள். அந்த வருடம் டிசம்பரில் விசாரணைக் குழு மேலும் 174 முறைகேடுகளைச் சொன்னது. சம்பந்தப்பட்டவை 64 மாடல்கள். பிறகு ஜப்பான் அரசு மீண்டும் பரிசோதித்து 2024இல் அனுமதி கொடுத்தது. ஆகவே அந்த வாகனங்கள் கூடாதென்று நாங்கள் சொல்லவில்லை. ஜப்பான்காரனே ஜப்பான்காரனை நம்பி விடாமல் திரும்பவும் மோதிப் பார்த்திருக்கிறான். நாங்கள் கண்ணை மூடிக்கொள்கிறோம்.

கலாசாலையில் எங்களை வெறும் வகுப்பறையில் பாடம் நடத்த விட்டுச் சான்றிதழ் தரவில்லை. நாற்பது பிள்ளைகள் கத்துகிற வகுப்பில் விட்டு, பின் வாங்கில் விரிவுரையாளர் உட்கார்ந்து பார்த்தார். வாகனத்துக்கும் பின் வாங்கில்தான் பரீட்சை.

எங்களோடு படிப்பிக்கிற ஒருவரிடம் அதே மாடல் பதிந்த வாகனம் இருக்கிறது. வெட்கத்தை விட்டுக் கேட்டோம். ஞாயிறு காலை மாவனல்லையிலிருந்து கடுகண்ணாவ ஏற்றத்தால் பேராதனை வரை போனோம். மாமியின் கிளினிக்குக்கு மாதாமாதம் போகிற பாதை அது. ஐந்து பேர், ஏசி, டிக்கியில் மாமியின் பையும் நடக்கிற சட்டமும்.

மாமி ஏறுவது லேசாக இருந்தது. காரைப் போல் குனிந்து விழத் தேவையில்லை. இது எஸ்யூவிக்கு ஒரு மார்க். மகனின் சீட்டை ஓரத்தில் பூட்டியதும் கதை மாறியது. அந்தச் சீட்டைக் கொளுவும் இடம் ஓரங்களில்தான், நடுவில் இல்லை. மற்ற ஓரம் மாமிக்கு. மகள் நடுவில், தோளை மடித்துக்கொண்டு. மாமியின் பெல்ட் பூட்டு மகளின் தொடைக்குக் கீழே போய்விட்டது. ஒவ்வொரு தரமும் யாராவது இறங்கிப் பூட்ட வேண்டும். அவசரத்தில் என்ன நடக்கும்? பூட்டாமல் போவோம். ஏற்றத்தில் பஸ் ஒன்றை முந்த எக்சலேட்டரை மிதித்தால் சத்தம் முதலில் வருகிறது, வேகம் பிறகு வருகிறது. பேராதனையில் ரிவர்ஸ் எடுக்கும்போது பின் கண்ணாடியில் மூன்று தலைகள், ரோட்டில் பாதி தெரியவில்லை. சேல் முற்றத்தில் இதில் ஒன்றாவது தெரிந்திருக்குமா?

அன்றைக்கு ஓட்டியது வீட்டுக்காரர் இல்லை. வரும்போது அவரை நடுச் சீட்டில் இருத்தினோம். கடுகண்ணாவ தாண்ட முன்னாலேயே, "டிக்கி சீட் உள்ள பழைய வானொண்டு பார்ப்பமா" என்று அவரே கேட்டார்.

திங்கட்கிழமை சேல் தம்பி கோல் எடுத்தார். வேறு பார்ட்டி வந்திருக்காம், பின்னேரத்துக்குள் முடிவு சொல்ல வேண்டுமாம். கராஜ் தகடு போட்டு குடும்பத்தோடு ஒரு மணித்தியாலம் தந்தால் வருகிறோம் என்றோம். "அப்படி யாரும் கேட்டதில்ல தாத்தா" என்றார்.

கேகாலை, கண்டி பக்கம் ஓட்டிப் பார்க்கத் தருகிற சேல் யாருக்காவது தெரிந்தால் இன்பொக்ஸில் சொல்லுங்கள். ஏழு பேர் ஏறுகிற வாகனம் என்றால் இன்னும் நல்லது.