யாரூட்டுப் புள்ளைங்க இது?

பேத்தியைப் போட்டோ எடுக்கணும் என்று கிளம்புகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கேமராவை அப்புறம் வாங்கலாம். முதலில் முட்டிக்கு ஒரு நல்ல தைலம் வாங்கிக்கொள்ளுங்கள்.

இரண்டரை வயது ஆசாமி நம் இடுப்புக்கும் கீழே. நின்றபடி எடுத்தால் கிணற்றை எட்டிப் பார்த்த மாதிரி பெரிய தலை, சின்னக் கால். தரையில் படுத்து, அவள் கண்ணுக்கு நேராக லென்ஸைப் பிடிக்க வேண்டும். படுப்பது சுலபம். எழுப்பி விடத்தான் சம்சாரம் வரவேண்டும்!

அடுத்தது ஷட்டர். 1/60-ல் வைத்தால் முகம் இருந்த இடத்தில் புகைதான். 1/250-க்குக் குறையக் கூடாது. ஃப்ளாஷ் வேண்டவே வேண்டாம். எங்கள் சரவணம்பட்டி வெயிலுக்கு வடக்குப் பார்த்த ஜன்னலே போதும்.

எடுத்தது 112. தேறியது ஒன்று. அதில் சிரித்தாள்.

மாடியில் குடியிருக்கும் ஐ.டி. தம்பி பார்த்துவிட்டு, "ஏனுங் சார், எடிட் பண்ணீட்டா இன்னும் சூப்பரா இருக்குமுங்க" என்றார். போட்டோஷாப் 1990-லேயே வந்துவிட்டது. 2002-ல் வந்த ஏழாம் பதிப்பில் 'ஹீலிங் பிரஷ்' என்று ஒரு சமாச்சாரத்தைச் சேர்த்தார்கள். பக்கத்துத் தோலின் சாயலை எடுத்து, தழும்பு மேல் பூசிவிடும்.

மூக்குச் சளி? ஒரு தடவல். கொசுக்கடி? இன்னொரு தடவல். கன்னத்துத் திருஷ்டிப் பொட்டு? அதுவும். வாசற்படியில் விழுந்து தாடையில் வாங்கிய தழும்பு? போயே போச்சு!

பிரிண்ட் போட்டு சம்சாரத்திடம் நீட்டினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டிப் பார்த்தாள்.

"நல்லாத்தான் இருக்குதுங்க. யாரூட்டுப் புள்ளைங்க இது?"

ராத்திரி தூக்கம் வரவில்லை. அம்மா ஞாபகம்.

நாலு வயதில் அம்மை வந்து பிழைத்தவன் நான். மறு வருஷம் ஸ்டூடியோவில் ஒரு போட்டோ எடுத்தார்கள். படத்தில் கறுப்பாக விழும் வடு, நெகட்டிவில் வெளுத்துத் தெரியும். அந்த இடத்தைக் கூர் பென்சிலால் நிரப்பிவிட்டால் பிரிண்டில் வடு மறைந்துவிடும். அந்த வித்தைக்கு அப்பா எட்டணா கூடுதலாகக் கொடுத்தார். வெண்ணெய் மாதிரி முகம்! ஊரே மெச்சியது. அம்மா மட்டும் கடைசி வரை அந்தப் படத்தின் நெற்றியில் விரல் வைத்துத் தேடுவாள். "எம் பையன் பொழச்ச அடையாளத்தக் காணமே..."

தம்பிகளே, உங்கள் செல்போனில் 'பியூட்டி' என்று ஒரு சங்கதி இருக்கும். சில போனில் நம்மைக் கேட்காமலே இதே வேலையைச் செய்யும். குழந்தையை எடுக்கும்போதாவது அதை அணைத்து வையுங்கள்.

நல்லவேளை, ஒரிஜினலைத் தனியாக காப்பி போட்டு வைத்திருந்தேன். விடியுமுன்னே எழுந்து உட்கார்ந்தேன். சளியை மட்டும் துடைத்தேன். அதற்கு சம்சாரமும் ஆட்சேபிக்கவில்லை.

புது பிரிண்ட்டைப் பேத்தி வாங்கிப் பார்த்தாள். படத்தின் தாடையில் விரலை வைத்தாள்.

"அப்புச்சி, இங்கதான் பாப்பா வுழுந்துச்சு!"