விரலுக்கேற்ற வீக்கம்

திருமண மண்டபத்து அண்டாவை நால்வர் வாழும் வீட்டிற்கு எவரும் வாங்குவதில்லை. ஆயினும், சேவையகம் வாங்கும்போது இவ்வெளிய கணக்கைப் பலர் மறந்துவிடுகின்றனர். பலர் கேட்கும் தரவுகளை வலையமைப்பின் வழியே வழங்கும் கணினியே சேவையகம். அதனை வாங்குவோர், "இருப்பவற்றுள் உயர்ந்தது எது?" என வினவுகின்றனர். "நம் பணிக்கு எவ்வளவு தேவை?" என்பதே முதல் வினாவாக இருத்தல் வேண்டும்.

கூகுளின் தொடக்க வரலாறு இதற்குத் தக்க சான்றாகும். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வு மாணவர்களான லாரி பேஜும் செர்ஜி பிரினும், 4 கிகாபைட் கொள்ளளவுள்ள 10 வன்தட்டுகளை லெகோ விளையாட்டுக் கட்டைகளால் அமைந்த பெட்டியில் அடுக்கித் தம் தேடுபொறியை இயக்கினர். பின்னர், 2003இல் அந்நிறுவனப் பொறியாளர்கள் எழுதிய கட்டுரை ஒரு விலை ஒப்பீட்டைத் தந்தது. 8 செயலிகளும் 64 கிகாபைட் நினைவகமும் கொண்ட உயர்வகைச் சேவையகம் ஒன்றின் விலை ஏறத்தாழ 7,58,000 டாலர். 176 செயலிகளும் 176 கிகாபைட் நினைவகமும் கொண்ட எளிய கணினிகளின் தொகுதிக்கோ ஏறத்தாழ 2,78,000 டாலரே ஆயிற்று.

எளிய கணினிகள் பழுதாகாவோ? பழுதாகும். அதனை எதிர்பார்த்தே, ஒரே தரவைப் பல கணினிகளில் படியெடுத்து வைத்தனர். ஒன்று நின்றால் மற்றொன்று பணியைத் தொடருமாறு மென்பொருளை வடிவமைத்தனர். தேடும் பணியைப் பல கூறுகளாகப் பிரிக்க முடிந்ததால் இது கைகூடிற்று. எல்லாப் பணியும் அவ்வாறு பிரிவதில்லை. ஆகவே, நாம் பின்பற்ற வேண்டியது அவர்கள் வாங்கிய பொருளையன்று. வாங்குமுன் தம் பணியின் இயல்பை ஆராய்ந்த முறையையே.

"நாளை தேவை பெருகுமே!" என்பர் சிலர். பெருகட்டும். நினைவகத்தையும் வன்தட்டையும் பின்னர்ச் சேர்ப்பதற்கு இடமுள்ள கணினியைத் தேர்ந்தால் போதும். வாராத கூட்டத்திற்காக இன்றே வாங்கிய வலிமை, பணியின்றி இருக்கும்போதும் மின்சாரத்தை உண்ணும், பயன்படுமுன்னரே பழையதாகிவிடும்.

சிக்கனம் என்பது மலிவைத் தேடுவதன்று. தரவின் மறுபடிகளிலும் தடையில்லா மின்வசதியிலும் கை சுருக்கினால், ஒருநாள் பழுது ஆண்டுகளின் உழைப்பை அழித்துவிடும். எத்தனை பேர் ஒரே நேரத்தில் பயன்படுத்துவர், எவ்வளவு தரவு சேரும், எவ்வளவு நேரம் நின்றால் தாங்கும் என்பவற்றை முதலில் அளந்தறிய வேண்டும். அவ்வளவே விலைப்பட்டியலைத் திறப்பதற்குரிய தகுதி.