எர்ணாவூர் பிள்ளைகள் எங்கே ஓடுவது?

செமஸ்டர் தேர்வு நெருங்கினால் வடசென்னையின் எர்ணாவூர் வீடுகளில் முதலில் நின்றுபோவது விளையாட்டுதான். “பரீட்சை முடியட்டும், அப்புறம் ஆடலாம்” என்கிறார்கள் பெற்றோர். இது தலைகீழ்க் கணக்கு. ஓடியாடினால் பதற்றம் தணியும், இரவில் நல்ல தூக்கம் வரும். படித்தது மனத்தில் பதிவதற்கு அந்தத் தூக்கம் அவசியம். பதினெட்டு வயதைத் தொட்டவர்களுக்கு வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிட மிதமான உடற்பயிற்சி தேவை என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதல்.

எங்கே ஓடுவது?

எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகளும் டீசல் புகையும். 2023 டிசம்பரில் கடலடிக் குழாயில் அம்மோனியா கசிந்தபோது, எண்ணூர் பெரியகுப்பம் மக்கள் நள்ளிரவில் வீட்டைவிட்டு வெளியேறினார்கள். இப்படிப்பட்ட ஊரில் “தினமும் ஓடுங்கள்” என்று மாணவர்களுக்கு அறிவுரை மட்டும் சொல்வது நியாயமல்ல.

சென்னை மாநகராட்சி தன் பள்ளி மைதானங்களை மாலையில் கல்லூரி மாணவர்களுக்கும் திறந்துவிட வேண்டும். விளக்கு வேண்டும், மாணவிகளுக்கென்று தனி நேரமும் வேண்டும். அடுத்த செமஸ்டருக்கு முன்பே இதைச் செய்யலாம்.