நாமினி வேறு, வாரிசு வேறு

வங்கியில் நிரந்தர வைப்பு வைத்திருந்தவர் இறந்துவிட்டால் அந்தப் பணத்தை வங்கி யாரிடம் கொடுக்கும் என்பது ஒரு கேள்வி. அது யாருக்குச் சொந்தம் என்பது வேறு கேள்வி. முதல் கேள்விக்கு இந்தியா முழுவதும் ஒரே விடைதான். இரண்டாவதற்குப் புதுச்சேரியில், ஒரே தெருவில்கூட, குறைந்தது மூன்று விடைகள் உண்டு. இந்த வேறுபாட்டை வைப்பு ரசீதிலேயே தமிழில் அச்சிட வங்கிகளை ரிசர்வ் வங்கி கட்டாயப்படுத்த வேண்டும்.

1949ஆம் ஆண்டு வங்கி ஒழுங்குமுறைச் சட்டத்தின் 45இசட்ஏ பிரிவுப்படி, நாமினியாகப் பதிவானவரிடம் பணத்தைக் கொடுத்ததும் வங்கியின் பொறுப்பு தீர்ந்துவிடுகிறது. தனக்கும் பங்குண்டு என்று வேறொருவர் வந்து நின்றால், நீதிமன்ற உத்தரவு இல்லாதவரை வங்கி அதைக் காதில் போட்டுக்கொள்ள வேண்டியதில்லை. ஆனால், பணத்தை வாங்கியவரிடம் வாரிசுகள் தங்கள் பங்கைக் கேட்கும் உரிமையில் சட்டம் கைவைக்கவில்லை. நாமினி பணத்தை வாங்கிக்கொள்ள உரியவரே தவிர உரிமையாளர் அல்லர் என்பதை ராம் சந்தர் தல்வார் வழக்கில் 2010இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. பங்குப் பத்திரங்களுக்கும் இதுவே நிலை என்று 2023 டிசம்பரில் சக்தி யெஸ்தானி வழக்கில் கூறியது. ஆயுள் காப்பீட்டில் மட்டும் 2015ஆம் ஆண்டுத் திருத்தம் ஒரு விலக்கு தந்தது. பெற்றோர், மனைவி அல்லது கணவர், பிள்ளைகள் நாமினியானால் அந்தப் பணம் அவர்களுக்கே சொந்தம். வங்கி வைப்புக்கு அந்த விலக்கு கிடையாது. இத்தனைக்குப் பிறகும், "நாமினி போட்டாச்சு, இனிக் கவலையில்லை" என்ற பேச்சு வீடுகளில் ஓயவில்லை.

திருமணத்துக்கு முன் தம்பியை நாமினியாகப் போட்டுவிட்டு, பிறகு அதை மாற்றாமலே ஒரு இந்து ஆண் இறந்துவிடுகிறார் என்று கொள்வோம். உயில் இல்லை. வைப்பு 8 லட்சம். தாயார், மனைவி, ஒரு மகன், ஒரு மகள் இருக்கிறார்கள். 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி ஆளுக்கு 2 லட்சம். தம்பிக்குச் சல்லிக்காசு பாத்தியதை இல்லை. ஆனால் வங்கிக்குப் போய்க் கையெழுத்திட்டு 8 லட்சத்தையும் வாங்கப்போவது தம்பிதான். அவர் நல்லவராக இருக்க வேண்டும் என்பதைத் தவிர அந்தக் குடும்பத்துக்கு உடனடிப் பாதுகாப்பு ஏதுமில்லை.

புதுச்சேரியின் சிக்கல் இதற்கு மேலும் ஒரு படி போகிறது. இந்து வாரிசுரிமைச் சட்டம் 1963இல் இங்கே நீட்டிக்கப்பட்டபோது, ரெனோன்சான்களுக்கு அது பொருந்தாது என்றே எழுதப்பட்டது. வழக்கறிஞர் பொன்னுத்தம்பி பிள்ளை முன்னின்ற இயக்கத்தையொட்டி வந்த 1881 செப்டம்பர் 21 ஆணையின்கீழ், தங்கள் மரபுவழிச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு சிவில் சட்டத்தை ஏற்றவர்களின் வழித்தோன்றல்கள் அவர்கள். அந்தச் சட்டம் பிள்ளைகளுக்கென ஒரு பங்கை ஒதுக்கிவைக்கிறது. ஒரு பிள்ளை இருந்தால் சொத்தில் பாதியையும், இருவர் இருந்தால் மூன்றில் ஒன்றையும், மூவரோ அதற்கு மேலோ இருந்தால் கால்பங்கையும் மட்டுமே தகப்பன் தன் விருப்பப்படி பிறருக்கு எழுதலாம். உயிலுக்கே இந்தக் கட்டுப்பாடு இருக்கும்போது, வங்கிப் படிவத்தில் எழுதிய ஒரு பெயர் பிள்ளைகளின் பங்கை விழுங்கிவிட முடியாது. அடுத்த வீட்டு முஸ்லிம் குடும்பத்தில் ஷரியத் பங்கீடு. மூன்று வீட்டுக்கும் வங்கி நீட்டும் படிவம் ஒன்றே.

2025 நவம்பர் 1 முதல் நடப்புக்கு வந்த திருத்தம் நல்ல நோக்கம் கொண்டதுதான். வைப்புக்கு நான்கு பேர் வரை நாமினியாக்கலாம். ஒருவருக்குப் பின் ஒருவராகவோ, ஒரே நேரத்தில் விழுக்காடு பிரித்தோ. ஆனால் ஒருவர் பெயருக்கு எதிரே 40, இன்னொருவர் பெயருக்கு எதிரே 60 என்று எழுதச் சொல்லும் படிவம் பார்ப்பவர் கண்ணுக்கு உயிலாகவே தெரியும். பழைய தவறான நம்பிக்கைக்கு அரசே அச்சிட்டுக் கொடுத்த சான்றாக இது மாறக்கூடும்.

பணம் கைக்கு வரும் வேகத்தைப் பொறுத்தவரை ரிசர்வ் வங்கியைக் குறைசொல்ல அதிகமில்லை. 2025 செப்டம்பர் 26 அன்று வெளியான நெறிமுறைகள், 2026 மார்ச் 31க்குள் எல்லா வங்கிகளும் பின்பற்ற வேண்டியவை, ஆவணங்கள் முழுமையாக வந்த 15 நாளில் கணக்கைத் தீர்க்கச் சொல்கின்றன. தாமதம் வங்கியின் தவறென்றால் பேங்க் ரேட்டுடன் 4 விழுக்காடு சேர்த்து வட்டி தர வேண்டும். நாமினி இல்லாவிட்டாலும் 15 லட்சம் வரை, கூட்டுறவு வங்கியில் 5 லட்சம் வரை, எளிய நடைமுறையே போதும். நீதிமன்ற வாரிசுச் சான்றுக்கு அலைய வேண்டாம். வைப்பை முதிர்வுக்கு முன்பே முறிக்கலாம், அபராதம் இல்லை. ஆனால் இந்த எளிமை, பிற வாரிசுகள் ஆட்சேபம் இல்லை என்று எழுதிக் கொடுக்கும் குடும்பங்களுக்கே. அண்ணன் பாரிசிலும் தங்கை முத்தியால்பேட்டையிலுமாகப் பிரிந்து கிடக்கும் சொல்தா குடும்பங்களில், அதாவது பிரெஞ்சுப் படையில் பணியாற்றியவர்களின் குடும்பங்களில், அந்தக் கையெழுத்து வந்து சேர்வதே பெரும்பாடு. வெளிநாட்டு வாரிசு தன் பங்கை ஒரு நிதியாண்டில் 10 லட்சம் டாலர் வரை எடுத்துப்போகலாம் என்பது உண்மை. அதற்கு முன் தனக்கு எவ்வளவு பங்கு என்பதை அவர் நிறுவியாக வேண்டுமே.

யாரும் கேட்காமல் 10 ஆண்டு கிடக்கும் வைப்பு ரிசர்வ் வங்கியின் நிதியத்துக்குப் போய்விடுகிறது. 2024 மார்ச் இறுதியில் அதில் 78,213 கோடி ரூபாய் இருந்தது. பிறகும் வாரிசுகள் உரிமை கோரலாம். ரிசர்வ் வங்கியின் உத்கம் இணையதளத்தில் தேடியும் பார்க்கலாம். ஆனால் பிரெஞ்சு சிவில் சட்டப்படி வாரிசு யார், பங்கு எவ்வளவு என்பதைப் புதுச்சேரியில் ஒரு சாதாரணக் குடும்பம் எங்கே போய்த் தெரிந்துகொள்வது? ரசீதில் அச்சிடும் எச்சரிக்கையை ரிசர்வ் வங்கி பார்த்துக்கொள்ளட்டும். ரெனோன்சான்களுக்குப் பொருந்தும் வாரிசுரிமை விதிகளை எளிய தமிழில் தொகுத்து, வட்டாட்சியர் அலுவலகங்களிலும் வங்கிக் கிளைகளிலும் கிடைக்கச் செய்வது புதுச்சேரி அரசின் வேலை. யூனியன் பிரதேசத்தின் முன்னோடி வங்கியான இந்தியன் வங்கி, நாமினி படிவம் வாங்கும்போதே அந்தத் தொகுப்பைக் கையில் கொடுக்கும் வழக்கத்தைத் தொடங்கிவைக்கலாம்.