திரையைப் பெருப்பித்தால் ஊர் தெரியுமா?

“அண்ணை, 4கே மொனிட்டர் ஒண்டு வாங்குவமெண்டு யோசிக்கிறன். காசு வீணாப் போகாதோ?”

வவுனியாவில் வங்கி உத்தியோகத்தராக இருக்கும் நண்பர் சென்ற ஞாயிறன்று தொலைபேசியில் கேட்ட கேள்வி இது. பகலெல்லாம் கடன் விண்ணப்பங்களோடு மல்லுக்கட்டும் அவர் இரவு ஒன்பது மணிக்குப் பின் விமானியாகிவிடுவார். என்னைப் போலவே அவருக்கும் வீட்டுக் கணினியில் விமானம் ஓட்டும் பைத்தியம். அரை மணி நேரம் கதைத்தும் விடயம் முடியவில்லை. ஆகவே எழுதுகிறேன்.

என் அபிப்பிராயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நிலத்தைப் பார்ப்பதற்காகக் கூடிய துல்லியமுள்ள திரை வாங்குவது வீண் செலவு. கருவிகளை வாசிப்பதற்காக வாங்குவது நியாயமான செலவு. இவ்விரண்டையும் குழப்பிக்கொண்டு, பட்டுத் தெளிந்தவன் நான்.

2024 இன் தொடக்கத்தில் 27 அங்குல 4கே திரையொன்றை வாங்கினேன். 2022 இல் ரூபா விழுந்த விழுகைக்குப் பிறகு கணினிச் சாமான்களின் விலை எப்படியிருந்தது என்பதை நான் சொல்லத் தேவையில்லை. அந்த ஜனவரியில் பெறுமதி சேர் வரியும் 18 வீதமாகியிருந்தது. அவ்வளவு காசைக் கொட்டியதற்குக் காரணம் விமானமல்ல, ஒரு கிணறு.

மயிலிட்டியில் எங்கள் வீட்டை விட்டு வெளியேறியது 1990 ஜூனில். அப்போது நான் பல்கலைக்கழக மாணவன். பல ஆண்டுகளின் பின் காணி திரும்பக் கிடைத்தபோது வீடு இருக்கவில்லை. கிணறு மட்டும் இருந்தது. மைக்ரோசொப்ட் நிறுவனத்தின் பிளைட் சிமியுலேட்டர் 2020 ஓகஸ்டில் வெளிவந்தபோது, ‘பிங்’ வரைபடத்தின் 2 பெற்றாபைற்றுக்கும் அதிகமான தரவுகளைக் கொண்டு முழு உலகத்தையும் அமைத்திருக்கிறோம் என்றார்கள். முழு உலகத்துக்குள் மயிலிட்டியும் அடங்கத்தானே வேண்டும்? பழைய 24 அங்குலத் திரையில் பலாலியிலிருந்து கிளம்பி ஊருக்கு மேலே வட்டமிட்டேன். எல்லாம் மங்கல். நல்ல திரை இருந்தால் தெரியும் என்று மனம் சொன்னது. மனம் சொல்வதைக் கடைக்காரரும் சொன்னார்.

புதுத் திரை வந்த அன்றிரவே போய்ப் பார்த்தேன். மங்கல் இன்னும் துலக்கமாகத் தெரிந்தது. அவ்வளவுதான்.

கணக்கைப் போட்டுப் பார்த்திருந்தால் இந்த ஏமாற்றம் நேர்ந்திராது. 1920க்கு 1080 என்ற சாதாரணத் திரையின் குறுக்கே 60 பாகை அகலமான காட்சியைக் காட்டினால், ஒரு பாகைக்கு ஏறக்குறைய 32 புள்ளிகள் வரும். ஒரு கிலோமீற்றர் தூரத்திலுள்ள நிலத்தில் ஒரு புள்ளி ஏறக்குறைய 54 சென்ரிமீற்றரைக் காட்டும். 4கே திரையில் இது 27 சென்ரிமீற்றர். ஆனால் கீழே விரிக்கப்பட்டிருக்கும் செய்மதிப் படத்தில் என்ன இருக்கிறது? பிங் வரைபடத்தின் 18 ஆம் படிநிலையை எடுத்துக்கொண்டால், நிலநடுக்கோட்டருகே படத்தின் ஒரு புள்ளி நிலத்தில் 60 சென்ரிமீற்றர். எங்கள் கிணற்றின் வாய் மூன்று மீற்றர் அகலம். ஆக, அந்தப் படத்தில் எங்கள் கிணறு என்பது குறுக்கே ஐந்து புள்ளிகள். சாதாரணத் திரையே அந்த ஐந்தையும் காட்டிவிடும். அதற்கு மேல் எத்தனை கோடி புள்ளிகளுள்ள திரையை வைத்தாலும் ஐந்து ஐந்துதான்.

அந்த ஐந்தும் கூட எனக்குக் கிட்டவில்லை. இந்த மென்பொருளுக்காக ஒஸ்ரியாவைச் சேர்ந்த பிளாக்‌ஷார்க் என்ற நிறுவனம் செய்மதிப் படங்களைக் கணினியால் வாசித்து, எங்கே கூரை இருக்கிறது என்று கண்டறிந்து கட்டடங்களை எழுப்பும் வேலையைச் செய்தது. மரங்களும் அவ்வாறே மென்பொருளின் கையிருப்பிலிருந்து நடப்படுகின்றன. என் திரையில் கிணறு இருக்க வேண்டிய இடத்தில் இன்னதென்று சொல்ல முடியாத பச்சை மரமொன்று நின்றது. பனையுமல்ல, வேம்புமல்ல. அது 4கேயில் மிக அழகாகத் தெரிந்தது.

ஒரு வேடிக்கையையும் சொல்ல வேண்டும். 1982 இல் வந்த இதே மென்பொருளின் முதற்பதிப்பில் விமானம் கிளம்பும் இடம் சிக்காகோ நகரின் மெய்க்ஸ் பீல்ட். 2003 மார்ச்சில் ஒரு நள்ளிரவில் அந்நகர மேயர் புல்டோசர்களை அனுப்பி அதன் ஓடுபாதையை உடைப்பித்தார். நிலத்தில் அழிந்த அந்த ஓடுபாதை பழைய பதிப்புகளில் இன்னும் இருக்கிறது. எது பதிவாகும், எது பதிவாகாது என்பதைத் திரை விற்பவர் தீர்மானிப்பதில்லை.

இனி, விமானம் ஓட்டும் வேலைக்கு வருவோம்.

எட்வின் லிங்க் என்ற அமெரிக்கர் 1929 இல் செய்த பயிற்சிப் பெட்டியில் வெளிக்காட்சி காட்டும் திரையே கிடையாது. மூடியைச் சாத்திக்கொண்டு, கருவிகளை மட்டும் பார்த்துப் பறக்கப் பழக்குவதே அதன் நோக்கம். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் 10,000க்கும் அதிகமான பெட்டிகள் செய்யப்பட்டன. மூடிய பெட்டிக்குள் முகிலுக்குள் பறக்கக் கற்றார்கள். இதை நான் சொல்வதற்குக் காரணமுண்டு. வீட்டில் பறப்பவர் தன் நேரத்தில் பெரும்பகுதியை ஜன்னலுக்கு வெளியே பார்த்துச் செலவிடுவதாக நினைத்துக்கொள்கிறார். உண்மையில் அவர் கண் உயரமானியிலும் வேகமானியிலும் திசைகாட்டியிலுமே சுற்றிக்கொண்டிருக்கிறது. இருக்க வேண்டியதும் அங்கேதான்.

செஸ்னா 172 இன் உயரமானியில் காற்றமுக்க எண்ணைக் காட்டும் சிறு ஜன்னல் ஒன்றிருக்கிறது. அதிலுள்ள இலக்கங்கள் ஏறக்குறைய 3 மில்லிமீற்றர் உயரம். விமானியின் கண்ணிலிருந்து 70 சென்ரிமீற்றர் தூரத்தில் அது கால் பாகை. முன்பு சொன்ன 60 பாகைக் காட்சியில், 1080 திரையில் அந்த இலக்கத்துக்குக் கிடைப்பது எட்டுப் புள்ளிகள். 3ஐயும் 8ஐயும் பிரித்தறிய அது மட்டுமட்டு. பார்வையைக் கொஞ்சம் அகலப்படுத்தினால் ஐந்து, ஆறாகக் குறைந்துவிடும். 2560க்கு 1440 என்ற திரையில் பத்து அல்லது பதினொன்று. 4கேயில் பதினாறு. எட்டிலிருந்து பத்துக்கு ஏறுவது சின்ன விடயமாகத் தோன்றலாம். ஆனால் இறங்கும் வேளையில் கருவிப் பலகையை உருப்பெருக்கிப் பார்த்து, மீண்டும் வெளியே வந்து ஓடுபாதையைத் தேடும் அந்தச் சில வினாடிகளை அதுவே மிச்சப்படுத்துகிறது.

நவீன விமானங்களில் 4கேயின் பக்கம் நியாயம் இன்னும் கூடுதலாக உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறேன். கார்மின் ஜி1000 என்ற கருவியின் திரை 10.4 அங்குலம், 1024க்கு 768 புள்ளிகள். நம் மொனிட்டரின் குறுக்கே கால்வாசி இடத்தை அது பிடிக்கிறது என்று வைத்துக்கொண்டால், 1080 திரையில் அந்த 1024 புள்ளிகளையும் 480க்குள் திணிக்க வேண்டும். 1440இல் 640. 4கேயில் 960, ஏறத்தாழ உள்ளது உள்ளபடி.

அப்படியானால் நண்பர் 4கேயே வாங்கட்டுமே என்றால், அங்கேதான் என் கணினி என்னைக் காலை வாரியது. 1080 திரையில் ஏறக்குறைய 20 இலட்சத்து 73 ஆயிரம் புள்ளிகள். 1440இல் 36 இலட்சத்து 86 ஆயிரம். 4கேயில் 82 இலட்சத்து 94 ஆயிரம், அதாவது சரியாக நான்கு மடங்கு. கிராபிக்ஸ் கார்ட் அத்தனையையும் ஒவ்வொரு பிரேமுக்கும் புதிதாக வரைய வேண்டும். என்னுடையது நடுத்தரமானது. வானத்தில் நேராகப் போகும்போது சமாளித்தது. இரத்மலானையில் இறங்குகையில், கொழும்பின் கட்டடங்கள் நெருங்க நெருங்க, படம் தடக்கித் தடக்கி ஓடியது. தரையைத் தொடுமுன் மூக்கை உயர்த்த வேண்டிய தருணத்தில் படம் அரை வினாடி நின்றால் என்ன நடக்கும் என்பதை ஊகித்துக்கொள்ளுங்கள். துல்லியத்தைக் குறைத்து 1440இல் ஓடவிட்டேன். 4கே திரையில் 1440 சரியாகப் பொருந்தாது. ஒரு புள்ளியை ஒன்றரைப் புள்ளியாக விரிக்க வேண்டும், எழுத்தெல்லாம் கலங்கிவிடும். எந்த எழுத்துக்காகக் காசு கொடுத்தேனோ அந்த எழுத்தே கலங்கியது.

இதையெல்லாம் வாங்குமுன் சோதிக்க வழியிருந்தது. எனக்குத்தான் தெரிந்திருக்கவில்லை. நண்பருக்கு அதைத்தான் முதலில் செய்யச் சொன்னேன். மென்பொருளின் அமைப்புகளில் ரெண்டர் ஸ்கேலிங் என்று ஒன்றிருக்கிறது. பழைய 1080 திரையிலேயே அதை 133 வீதமாக வைத்தால் கார்ட் சுமப்பது 1440இன் பாரம். 200 வீதமாக வைத்தால் 4கேயின் பாரம். படம் பழைய திரையில்தான் தெரியும், ஆனால் சுமை புதுத் திரையின் சுமை. அப்படியே தனக்குப் பழக்கமான விமான நிலையத்தில் நாலு தரம் இறங்கிப் பார்க்கட்டும். வினாடிக்கு 30 பிரேம் தளும்பாமல் நின்றால் போதும், இது சுடும் விளையாட்டல்ல. 133இல் பிரேம்கள் குறையவே இல்லையென்றால் தடையாக இருப்பது கார்ட் அல்ல, புரொசஸர். விமானத்தின் இயக்கம், வானிலை, ஏனைய விமானங்கள் ஆகிய கணக்குகளை முடித்து அது அனுப்பும் வரை கார்ட் சும்மா காத்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். இந்த மென்பொருளில் பலருக்கு நிலைமை அதுதான். 1080இலிருந்து 1440க்கு ஏறுவது பயப்பட்ட அளவுக்கு இழப்பைத் தராமலிருப்பதற்கு அதுவே காரணம்.

திரையின் பருமன் பற்றியும் ஒரு சொல். சாதாரணப் பார்வையுள்ள கண் ஒரு பாகையின் அறுபதிலொரு பங்கைப் பிரித்தறியும் என்பது கண் மருத்துவக் கணக்கு. 70 சென்ரிமீற்றர் தூரத்தில் அது 0.2 மில்லிமீற்றர். 24 அங்குல 1080 திரையில் ஒரு புள்ளி 0.28 மில்லிமீற்றர், 27 அங்குல 1440இல் 0.23. 27 அங்குல 4கேயில் 0.16, அதாவது கண்ணின் எல்லைக்கு அப்பால். வெள்ளெழுத்துக் கண்ணாடி போட்ட என் வயதுக்காரருக்கு அந்த மிச்சத் துல்லியத்தால் என்ன பயன்? 4கேதான் வேண்டும், கார்ட்டும் தாங்கும் என்பவர் 32 அங்குலத்துக்குக் குறைய வாங்கக்கூடாது.

144 ஹேர்ட்ஸ், 165 ஹேர்ட்ஸ் என்று பெட்டியில் அச்சிட்டிருப்பதற்கு மயங்க வேண்டாம். 40 பிரேம் ஓடும் கணினிக்கு அது அலங்காரம். கார்ட்டின் வேகத்துக்கேற்பத் தன் வேகத்தை மாற்றிக்கொள்ளும் வசதி இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். தொலைக்காட்சியை மொனிட்டராக்கலாமா என்று கேட்பவர்கள், அதில் கேம் மோட் இருக்கிறதா, சின்ன எழுத்து கலங்காமல் தெரிகிறதா என்று கடையிலேயே கணினியை இணைத்துப் பார்த்துவிட வேண்டும். தலையில் மாட்டும் கருவி சிறந்தது என்கிறான் மருமகன். தேநீர்க் கோப்பையைக் கண்ணால் காணாமல் விமானம் ஓட்ட எனக்கு இயலாது.

என் 4கே திரை இப்போது மகளிடம் இருக்கிறது. பத்திரிகைப் பக்க வடிவமைப்புக்கு அது மிகப் பொருத்தம் என்று அவள் சந்தோஷப்படுகிறாள். நான் 27 அங்குல 1440 திரையொன்றை வாங்கினேன். கூடவே, விற்றுவிட நினைத்த பழைய 24 அங்குலத் திரையை அதன் கீழே சாய்த்து வைத்தேன். வலப்பக்க ஆல்ட் விசையை அழுத்திக்கொண்டு ஜி1000 மீது சொடுக்கினால் கருவி தனியே கழன்று வரும். அதை இழுத்துக் கீழ்த் திரையில் போட்டால் 1024க்கு 768 அப்படியே பொருந்துகிறது, திணிக்கத் தேவையில்லை. 4கே தருவதாகச் சொன்னதைப் பழைய திரை சும்மா தருகிறது. கார்ட்டுக்குச் சிறிது கூடுதல் வேலைதான், ஆனால் 4கே கேட்ட வேலையல்ல.

“பழசை மட்டும் வித்துப்போடாதையும்” என்று நண்பருக்குச் சொல்லியிருக்கிறேன். அவர் 133 வீதச் சோதனையை வரும் சனிக்கிழமை செய்வாராம்.

நேற்றிரவும் இரத்மலானையிலிருந்து கிளம்பிப் பலாலிக்குப் போனேன். எயார் சிலோனின் முதல் விமானம் 1947 டிசம்பர் 10 அன்று காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்குப் போன வழி. உயரமானியின் இலக்கங்களை உருப்பெருக்காமலே வாசித்தேன். இறங்குமுன் வழக்கம்போல ஊருக்கு மேலே ஒரு சுற்று. அந்தப் பச்சை மரம் அங்கேதான் நின்றது. அதற்குக் கீழே எங்கள் கிணறு இருக்கிறது என்பது எனக்குத் தெரியும். சில்லுகளை இறக்கும் விசை செஸ்னாவில் கிடையாது, ஆகவே நேராக ஓடுபாதைக்குத் திரும்பினேன்.